சேஸிஸ் 6 மி.மீ. கோணிவிட்டது, என்ன செய்யலாம்?

வணக்கம் நண்பர்களே. லோட்டஸ் செவன் (இங்கிலாந்தின் பழைய இரண்டு சீட் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்) பாணியில் சின்னதாக ஒரு கார், வீட்டு ஷெட்டிலேயே கட்டிக்கொண்டிருக்கிறேன். சேஸிஸ் (காரின் அடிச்சட்டம்) முழுக்க 25 மி.மீ. ஸ்கொயர் டியூப், 1.6 மி.மீ. கனம். எஞ்சினும் பின் ஆக்ஸிலும் பழைய மாருதி ஆம்னி வேனுடையவை.

டேக் (டியூப்களைப் பிடித்து வைக்க அங்கங்கே சின்னப் புள்ளி வெல்டு) மட்டும் வைத்தபோது இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவுதான். அப்புறம் ஆர்வக்கோளாறில் இடது பக்கம் முழுவதையும் ஒரே மூச்சில் மிக் வெல்டிங் அடித்தேன். கிளாம்பைக் கழற்றியதும் 'டக்'கென்று ஒரு சத்தம். இப்போது ஒரு மூலைவிட்டம் 6 மி.மீ. கூடுதல், முன் வலது மூலையும் தரையில் உட்காரவில்லை. "பழைய கட்டில் மாதிரி ஆடுதே" என்கிறாள் மனைவி.

வலது பக்கமும் வெல்டு வைத்தால் இழுத்துச் சரியாகுமா? இல்லை, ஜாயின்ட்டுகளை கிரைண்டரில் அறுத்து டேக்கிலிருந்தே தொடங்கணுமா? மெல்லிய டியூப் என்பதால் சூடாக்கி நிமிர்த்தப் பயம். சஸ்பென்ஷன் பிராக்கெட்டுகள் இன்னும் வைக்கவில்லை, அதுவரை பிழைத்தேன். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.