விவசாயிகளுக்கு வரவு செலவு கற்றுத்தரும் கையேடு: எப்படிச் செய்தால் ஈடுபாடு வரும்?

விதைக்கூடை எழுதியது:
சிறு விவசாயிகளுக்கு வியாபாரத் திறன் கற்றுத்தர ஒரு கையேடு தயாரிக்கிறேன். சாகுபடிச் செலவு, விலை பேசுவது, எப்போது விற்பது, கடன் வாங்கலாமா வேண்டாமா, இவ்வளவுதான் விஷயம். 40 பக்கம் வந்துவிட்டது, படங்களும் உண்டு, ஆனாலும் வெள்ளோட்டத்தில் பாதிப் பேர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மடியில் வைத்துக்கொண்டார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் கலந்துதான் உட்காருவார்கள். விளையாட்டா, வீடியோவா, படக்கதையா, எதில் இறங்கலாம்?

கணக்குநோட்டு எழுதியது:
எதில் இறங்குவது என்பதை அப்புறம் பார்க்கலாம். வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போனதும் அவர் எந்த ஒரு முடிவை வேறு மாதிரி எடுக்க வேண்டும்? அதைச் சொல்ல முடியாத பக்கத்தைக் கிழித்துவிடுங்கள், 40 தானாக 12 ஆகும்.

இன்னொன்று, கற்பனை விவசாயியின் கணக்கு வேண்டாம், வந்திருப்பவர்களின் போன பருவத்துக் கணக்கையே போடுங்கள். விதை, உரம், கூலி எல்லாம் மளமளவென்று சொல்வார்கள். 'வீட்டு ஆட்கள் வேலை செய்தார்களே, அதற்கு எவ்வளவு?' என்று கேட்டுப் பாருங்கள், அங்கேதான் சண்டை ஆரம்பிக்கும், அந்தச் சண்டைதான் பாடம். சொந்த உழைப்புக்கும் கூலி போட்டால் லாபம் என்று நினைத்தது பல பேருக்குக் காணாமல் போகும். அடுத்தது அடக்க விலை, அதாவது விற்கிற ஒரு மூட்டைக்கு நமக்கு ஆன செலவு. 100 மூட்டை விளைந்து 10 மூட்டை கழிவானால் மொத்தச் செலவை 90ஆல் வகுக்க வேண்டும், 100ஆல் அல்ல. இந்த ஒன்று மனதில் நின்றாலே வியாபாரியிடம் பேசும் தோரணை மாறிவிடும்.

மண்புழு எழுதியது:
நோட்டுப் போட்டு எழுதச் சொல்வதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. டொமினிக்கன் குடியரசில் சிறுதொழில் செய்பவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2014இல் வெளியானது. ஒரு குழுவுக்கு முறையான கணக்கியல், இன்னொரு குழுவுக்குத் தொழில் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் தனித்தனி இழுப்பறையில் வை என்பது போன்ற எளிய விதிகள். பலன் தெரிந்தது இரண்டாவது குழுவில்தான். அவர்கள் விவசாயிகள் இல்லை, சரி, ஆனால் எழுதாமலே செய்ய முடிகிற விதி எங்கும் செல்லுபடியாகும் என்றுதான் தோன்றுகிறது.

வீடியோ எடுப்பதாக இருந்தால் நடிகரும் பின்னணிக் குரலும் வேண்டாம். விவசாயிகளுக்கு வீடியோ வழியாகக் கற்றுத்தரும் டிஜிட்டல் கிரீன் என்ற நிறுவனம் செய்வது மாதிரி, பார்க்கிறவர்களைப் போன்ற விவசாயியே பேசட்டும், சின்னக் குழுவாகப் பார்க்கட்டும், நடுவில் நிறுத்தி 'நீங்களாக இருந்தால் இந்த இடத்தில் என்ன செய்வீர்கள்' என்று கேட்க ஓர் ஆள் கூடவே இருக்கட்டும். அந்த ஆள் இல்லாவிட்டால் வெறும் பொழுதுபோக்குதான்.

களத்துமேடு எழுதியது:
என் ஓட்டு விளையாட்டுக்கு. ஒவ்வொரு குழுவுக்கும் 20 கூழாங்கல், அதுதான் முதலீடு. விதை, உரம், கூலி, வீட்டுச் செலவு என்று பிரித்து வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் சீட்டு எடுக்க வேண்டும்: மழை பொய்த்தது, பூச்சி விழுந்தது, அறுவடை நேரத்தில் விலை சரிந்தது. பருவத்தின் நடுவில் கட்டாயம் ஒரு மருத்துவச் செலவுச் சீட்டு வரட்டும், அப்போதுதான் ஆண்டு முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் லாபம் இருந்தும் கையில் காசில்லாமல் தவிக்கிற நிலைமை புரியும். இதை எந்த வரைபடத்தாலும் புரியவைக்க முடியாது. ஆட்டம் அரை மணி என்றால் 'ஏன் தோற்றோம்' என்ற பேச்சுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், பெரும்பாலான பயிற்சிகளில் இதைத்தான் வெட்டிவிடுகிறார்கள்.

படங்களை அச்சுக்கு அனுப்பும் முன், எதுவும் சொல்லாமல் நீட்டி 'இதில் என்ன தெரிகிறது' என்று மட்டும் கேளுங்கள். அம்புக்குறி, பெருக்கல் குறி, பூதக்கண்ணாடியில் பார்த்த அளவுக்குப் பூச்சி, இதெல்லாம் நமக்குத்தான் பழக்கம்.

விதைக்கூடை எழுதியது:
விளையாட்டையே எடுத்துக்கொள்கிறேன், கூடவே இரண்டு மூன்று விதிகள் மட்டும் படமாக ஒரே தாளில். ஒரு சந்தேகம், ஆட்டத்தில் கடன் கொடுப்பவராக யாரை உட்கார வைப்பது? பயிற்சி தருபவரையா?

களத்துமேடு எழுதியது:
வேண்டவே வேண்டாம், அவரிடம் மரியாதைக்காக யாரும் பேரம் பேச மாட்டார்கள். கூட்டத்திலேயே வாய் சாமர்த்தியம் உள்ள ஒருவரைப் பிடியுங்கள். இரண்டு கல் கொடுத்தால் மூன்றாகத் திருப்பித் தர வேண்டும் என்பது மட்டும் விதி, மற்றதை அவர்களே பேசி முடிக்கட்டும்.