மறு: ஸ்ப்ளீனோமெகலி – எழுதுவதும் பிரிப்பதும்

குழுவினருக்கு வணக்கம்.

கூடலூர்ப் பகுதிக் கிராமச் செவிலியர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மண்ணீரல் பெருத்துவிடும் நிலையைக் குறிக்கும் 'ஸ்ப்ளீனோமெகலி' (splenomegaly) என்ற சொல்லை அதில் எப்படி எழுதுவது, எப்படிப் பிரிப்பது, தமிழில் என்ன சொல்வது என்பதே நம் கேள்வி. மடல்கள் யாப்பு (செய்யுள் இலக்கணம்) வரை போய்விட்டதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கோத்தகிரி ஐயா சொன்னபடி சொல் கிரேக்கம்தான். ஸ்ப்ளேன் என்றால் மண்ணீரல், மெகஸ் என்றால் பெரிய. நடுவிலுள்ள ஓகாரம் ஒட்டுக்கு வந்தது. ஆகவே ஸ்ப்ளீனோ – மெகலி என்று பிரித்து, 'மெ'யில் அழுத்த வேண்டும். வகுப்பில் பலரும் 'மெகாலி' என்று நீட்டுகிறார்கள். அசை பிரித்தால் குறில்தான் சரியென்று தெரியும் என்கிறார் ஐயா. மெக/லி, மெகா/லி இரண்டுமே நிரையசை, நேரசை என்றுதான் பிரியும்; யாப்பின் வாய்பாட்டில் இரண்டும் புளிமாதானே ஐயா? யாப்பு இங்கே தீர்ப்புச் சொல்லாது. ஆங்கில ஒலிப்பில் அந்த அகரம் தேய்ந்து ஒலிப்பதால் 'மெகலி' போதும்.

குன்னூர் அம்மா 'இசுப்பிளீனோமெகலி' என்கிறார். மொழிமுதலில் மெய் வராது, பகர மெய் தன்னோடு மட்டுமே மயங்கும் (சேர்ந்து வரும்), எல்லாம் சரி. ஆனால் மருத்துவர் வாயிலிருந்து வரும் சொல்லைச் செவிலியர் அடையாளம் காணவே ஒலிபெயர்ப்பு. இப்படி எழுதினால் அது நடக்காது.

அப்புறம் தமிழ்ச்சொல்லாக வந்த 'மண்ணீரற்பெருக்கம்'. புணர்ச்சியில் குற்றமில்லை, ஆனால் 'ல்' 'ற்' ஆகிவிடுவதால் எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கு மண்ணீரல்தான் தெரியாமல் போகிறது.

இந்தச் சொல் இங்கே ஏன் முக்கியம்? நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் செல் நோய் (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல வளையும் பரம்பரை நோய்) இருப்பது 1952-லேயே பதிவானது. இந்நோயுள்ள சிறு குழந்தைக்குச் சில சமயம் ரத்தம் திடீரென மண்ணீரலில் தேங்கும். சில மணி நேரத்தில் அது பெருத்து, குழந்தை வெளுத்துத் துவண்டுவிடும். உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இடது விலாவுக்குக் கீழே விரல்களை மெதுவாக வைத்து, குழந்தை மூச்சை இழுக்கும்போது மண்ணீரலின் விளிம்பு தட்டுப்படுகிறதா என்று பார்க்கத் தாய்க்குச் சொல்லித் தருகிறோம். அந்த இடத்தில் 'மண்ணீரல் வீக்கம்' என்றால் உடனே புரிகிறது. 'பெருக்கம்' என்றால் எண்ணிக்கை கூடியதுபோலத் தோன்றுகிறது. வீக்கம் அழற்சியையும் (inflammation) குறிக்குமே என்ற மருத்துவத் தோழரின் கவலை நியாயம்தான். ஆனால் அழற்சி என்றே தனிச்சொல் இருக்கிறதே.

பெரும்பாலோர் 'மண்ணீரல் பெருக்கம்' பக்கம். சரி, கலைச்சொல் பட்டியலில் அதையே போடுகிறேன், புணர்ச்சி இல்லாமல். தாய்மாருக்கான பக்கத்தில் 'வீக்கம்'தான். அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். அம்மா இன்னும் ஒப்பவில்லை என்று தெரியும். இரண்டையும்விடத் தெளிவான சொல் யாரிடமாவது இருந்தால் வியாழன் இரவுக்குள் அனுப்புங்கள்.