புதுப்பிப்பு: வேனில் தண்ணீர் கசிவு, இடம் பிடிபட்டது

போன வாரம் எழுதியிருந்தேன்: கேம்பர் வேனில் (படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள வண்டி) எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போதே பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பம்பு தானாக ஓடி நிற்கிறது, சிங்க்குக்குக் கீழே பிளைவுட் ஊறிவிட்டது என்று. பலர் பம்பை மாற்றச் சொன்னீர்கள். பம்பு பாவம். எங்கோ தண்ணீர் கசிந்து அழுத்தம் இறங்கும்போதெல்லாம் பிரஷர் சுவிட்ச் அதை எழுப்பிவிட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

காரைக்குடியில் ஆச்சி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு மூட்டிலும் காய்ந்த டிஷ்யூ பேப்பரைச் சுற்றி அரை மணி நேரம் காத்திருந்தேன். சிங்க்குக்குப் பின்னால் திரும்புகிற சிபிவிசி எல்போவில் (விறைப்பான பிளாஸ்டிக் குழாயின் வளைவு மூட்டு) மட்டும் பேப்பர் நனைந்து ஒட்டிக்கொண்டது. மயிரிழை விரிசல். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணில் படுகிறது.

பிளம்பர் அண்ணன் பார்த்ததுமே, "சுவத்துக்குள்ள கிடந்தா இது பாட்டுக்குக் கிடக்கும் தம்பி. ஓடுற வண்டியில குலுக்கல் தாங்குமா?" என்றார். அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, வளையக்கூடிய பின்னல் ஹோஸ் போட்டோம். மரையில் டெஃப்லான் டேப்பை மரை ஏறும் திசையிலேயே சுற்ற வேண்டும். நான் முன்பு எதிர்த்திசையில் சுற்றியிருந்தேன். சரி, திட்டு வாங்கியாயிற்று.

ஈரப் பலகையை வீட்டு முகப்புத் தரையில் காய வைக்கப் போனேன். "ஆத்தங்குடிக் கல்லுல கறை பிடிச்சா நீயா தேய்ப்பே?" என்று ஆச்சி விரட்டிவிட்டார். பலகை இப்போது மொட்டை மாடியில். நேற்று இரவு முழுக்கப் பம்பு ஒரு தடவைகூட முனகவில்லை.