யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக் ரேஸ் டிராக்கில் சீஸ் ஆகுது (பிஸ்டன் சிலிண்டர்ல இறுகி நின்னுடுது), வழி சொல்லுங்க

1992 மாடல், சிலிண்டர் உள்விட்டம் (போர்) 50 மி.மீ., 24 மி.மீ. கார்ப் (கார்புரேட்டர்), ரேஸ் சைலன்சர். செட் பண்ணினது பெங்களூருல, ஓடுறது சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்குல. நேர்ப்பாதையில ஃபுல் த்ராட்டில் பத்து நொடி தாண்டினா இழுவை செத்து பின்சக்கரம் பூட்டிக்குது. ஒரே மாசத்துல ரெண்டு பிஸ்டன் போச்சு. ரெண்டுலயும் எக்ஸாஸ்ட் பக்கம் விரலகலத்துக்கு அலுமினியம் இழுபட்டு ரிங்கை மூடியிருக்கு. பிளக் மூக்கு சுண்ணாம்பு வெள்ளை, அதாவது பெட்ரோல் பத்தலைன்னு அடையாளம்.

பெங்களூரு சுமார் 900 மீட்டர் உயரம். தாழ்வான டிராக்ல காற்று அடர்த்தி கூடுதல்னு, பெட்ரோலையும் கூட்ட மெயின் ஜெட் (கார்ப்ல பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கிற துளை) 130ஐ 150 ஆக்கியாச்சு. கிராங்க் சீல் (இன்ஜினுக்குள்ள வெளிக்காற்று புகாம தடுக்கிற ரப்பர் வளையம்) ரெண்டும் புதுசு, காற்றடைச்சுப் பார்த்ததுல கசிவில்லை. பெட்ரோல்ல ஆயில் 20க்கு 1, பிளக் பொறி விடுற டைமிங் 0.2 மி.மீ. பின்னுக்கு. தொடாதது டேங்குக்குக் கீழ இருக்கிற பெட்ரோல் காக் (திறந்து மூடுற குழாய்), ஃப்ளோட் நீடில் சீட் (கார்ப்புக்குள்ள பெட்ரோல் நுழையிற துளை) ரெண்டும்தான். என் சந்தேகம் முழுக்க அங்கேதான்.

அடுத்த ஞாயிறு பிராக்டிஸ். இந்த 24 கார்ப்புக்கு நீடில் சீட் எந்த சைஸ் போடணும்?