தனித்து வாழும் முதியவர் விழுந்தால் அறிந்துகொள்ள எந்த உணரி உதவும்?

கேள்வி:
எண்பது வயதைக் கடந்த என் தாயார் தனியாக வசிக்கிறார். விழுந்தால் தானாகவே அழைப்பு விடுக்கும் கைக்கடிகாரம் ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். ஆனால் குளிக்கும்போதும் உறங்கும்போதும் அதைக் கழற்றி வைத்துவிடுகிறார். நான் பெரிதும் அஞ்சுவதும் அந்த நேரங்களை எண்ணித்தான். கேமரா பொருத்த அவருக்குச் சம்மதமில்லை. படம் பிடிக்காத உணரிகளும் இயந்திரக் கற்றலும் சேர்ந்து விழுதலைக் கண்டறியும் என்கிறார்கள். அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம்?

மறுமொழி 1:
கடிகாரத்திலுள்ள முடுக்கமானி (அசைவின் வேக மாற்றத்தை அளக்கும் உணரி), உடல் சரியும் கணத்தில் தன் அளவீடு குறைவதையும், தரையில் மோதும்போது அது சட்டென உயர்வதையும், அதன்பின் அசைவற்றுப் போவதையும் சேர்த்துப் பார்த்தே முடிவுக்கு வருகிறது. சுவரைப் பிடித்தபடி மெல்லச் சரிந்து அமர்ந்துவிடும் முதியவரிடம் அந்த உயர்வு தென்படாமலே போகலாம். விழுதலை அடையாளம் காண மென்பொருளுக்குக் கற்றுத்தரும் பயிற்சித் தரவிலும் குறை உண்டு. ஆய்வாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் சிஸ்ஃபால் என்ற தரவுத் தொகுப்பில் (2017) பங்கேற்ற 15 முதியவர்களில் விழுந்து காட்டியவர் ஒருவரே, அவரும் ஜூடோ பயின்றவர். மற்ற விழுதல்கள் அனைத்தும் இளைஞர்கள் நடித்துக் காட்டியவை. முதியவர்களை விழச் சொல்ல முடியாது என்பது நியாயமே. ஆயினும் விளம்பரங்களில் வரும் துல்லிய விழுக்காட்டை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

மறுமொழி 2:
குளியலறைக்கு மில்லிமீட்டர் அலை ரேடாரைப் பரிசீலியுங்கள். உடலில் பட்டுத் திரும்பும் அலைகளிலிருந்து தொலைவையும் வேகத்தையும் அது கணிப்பதால் இருட்டும் நீராவியும் அதற்குத் தடையாவதில்லை, படமும் பதிவாகாது. ஆனால் அறைக்கு ஒன்று வேண்டும். இருவர் இருந்தால் குழம்பக்கூடும்.

என் கருத்தில், விழுந்தபின் அறிவதைவிட அன்றாடப் பழக்கம் மாறுவதைக் கவனிப்பதில்தான் இயந்திரக் கற்றலின் பயன் அதிகம். கதவிலும் கூடத்திலும் வைக்கும் எளிய அசைவுணரிகளே அதற்குப் போதும். இரவில் கழிப்பறைக்குச் செல்வது வழக்கத்தைவிட மிகுந்தால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். எழும் நேரம் கடந்தும் அசைவே இல்லையென்றால் உடனே ஒருவர் சென்று பார்க்கலாம்; விழுந்தவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையிலேயே கிடந்தால் நீரிழப்பும் தசைச் சிதைவும் அதனால் சிறுநீரகப் பாதிப்பும் நேரக்கூடும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அம்மாவிடம் பேசினேன். குளியலறையில் ரேடார் வைக்க ஒப்புக்கொண்டார். ஆனால் எனக்குச் செய்தி வருமுன் கருவி முதலில் தம்மைக் கேட்க வேண்டும் என்கிறார். அதற்கு வழி உண்டா?

மறுமொழி 2:
உண்டு. எச்சரிக்கை ஒலித்ததும் அவரே ரத்துசெய்ய அவகாசம் தரும் கருவிகள் இருக்கின்றன. அந்த ஒலி அவர் காதுக்கு எட்டுகிறதா என்பதை, கதவைச் சாத்தி, தண்ணீரைத் திறந்துவிட்டுச் சோதித்த பிறகே வாங்குங்கள்.