கூலியில்லாத பீட்டா சோதனை: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

வடிகால்_டர்பன்

2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பனில் மழைநீர் வடிகால் வேலை பார்க்கும் யாருக்கும் மூச்சுவிட நேரமில்லை. அந்தச் சமயத்தில்தான் எங்கள் டிசைன் மென்பொருளின் அடுத்த பதிப்புக்குப் பீட்டா அழைப்பு, அதாவது வெளியிடும் முன் சோதித்துப் பார்க்கச் சொல்லி அழைப்பு, வந்தது. லோ கோஆர்டினேட்டை, அதாவது தென்னாப்பிரிக்காவின் நில அளவை முறையை, இனி ஒழுங்காகக் கையாளும் என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரிக்காகவே சேர்ந்தேன்.

வேலை டர்பனுக்கு வடக்கே ஃபீனிக்ஸ் பக்கம். 31-ஆம் தீர்க்கரேகை அங்கேதான் போகிறது. அதனால் அந்த ரேகையிலிருந்து அளக்கும் லோ31-ல், ரேகைக்கு மேற்கே இருக்கும் மேன்ஹோலுக்கு ஒய் கூட்டலில் வரும், கிழக்கே இருப்பதற்குக் கழித்தலில் வரும். எக்ஸ் தெற்கே போகப்போகக் கூடும். நமக்கெல்லாம் இது கைப்பழக்கம். பீட்டாவோ கழித்தல் குறியைப் பார்த்ததும் அந்த மேன்ஹோல்களை மட்டும் ரேகைக்கு மேற்கே தூக்கிப் போட்டுவிட்டது, தாளை நடுவில் மடித்த மாதிரி. ஓடைக்கு இறங்க வேண்டிய 600 மில்லிமீட்டர் பைப் மேட்டில் ஏறி ஒரு வீட்டுக்கு அடியில் போய் நின்றது.

மூன்று ராத்திரி அதில் உட்கார்ந்தேன். லோட்ஷெட்டிங் (முறை வைத்து மின்வெட்டு) ஆறாம் நிலையில் இருந்த மாதம் அது. கரண்ட் வரும்வரை காத்திருந்து, வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவேன். வாடிக்கையாளரின் விவரத்தையெல்லாம் நீக்கிவிட்டு, ஒன்பதே மேன்ஹோல் கொண்ட சின்ன ஃபைல் ஒன்றைத் தயார் செய்தேன். ரேகைக்குக் கிழக்கே நான்கு, மேற்கே ஐந்து. படங்களோடு ரிப்போர்ட் அனுப்பினேன்.

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது: "எங்களிடம் இந்தப் பிரச்சினை வரவில்லை. மூடப்பட்டது." பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நான் இணைத்த ஃபைலுக்குக் கீழே சின்ன எழுத்தில் "பதிவிறக்கம்: 0" என்று இருந்தது.

அந்தச் சுழியம் இன்னும் கண்ணில் நிற்கிறது. திறந்து பார்த்துவிட்டு என் மேல் தப்பு என்று சொல்லியிருந்தால்கூட ஏற்றுக்கொண்டிருப்பேன்.

மிட்ராண்ட்_ஸ்டீல்

அண்ணா, எனக்கும் அப்படித்தான். என் விஷயம் கமா.

இந்த நாட்டில் தசமத்துக்குக் கமாதான். விண்டோஸில் தென்னாப்பிரிக்கா என்று வைத்தால் அதுவே வந்துவிடும். நான் சோதித்தது ஸ்டீல் கட்டட மென்பொருளின் பீட்டா. பளுப் பட்டியலை சிஎஸ்வி ஃபைலாக (வெறும் எழுத்தாலான அட்டவணை) ஏற்றினேன். 2,5 என்று இருந்ததை அது 25 என்று எடுத்துக்கொண்டது. எச்சரிக்கை எதுவும் வரவில்லை. சாதாரணக் கிடங்குக் கூரைக்குப் பாலத்துக்குப் போடுகிற மாதிரி பீம் கேட்டபோதுதான் எனக்குத் தட்டுப்பட்டது.

கூடுதலாகப் போனதால் கண்ணில் பட்டது. எங்கேயாவது பத்தில் ஒன்றாகக் குறைந்திருந்தால்? இதை நினைத்து அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எழுதிக் கேட்டேன். "உங்கள் கணினியில் மொழி அமைப்பை அமெரிக்கா என்று மாற்றிக்கொள்ளுங்கள்" என்றார்கள். என் கணினியில் கணக்குப் பிரிவின் எக்ஸெல், அளவைப் பட்டியல் எல்லாம் கமாவில் ஓடுகின்றன. ஒரு சோதனைக்காக அத்தனையையும் நான் மாற்ற வேண்டுமா?

பழைய_வரைவாளர்_பிஎம்பி

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து எழுதுகிறேன். உங்கள் இரண்டு பேர் மீதும் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் சேரும்போது ஒப்புக்கொண்டதைப் படித்தீர்களா? பீட்டாவை உண்மையான வேலைக்குப் பயன்படுத்தாதே என்று பொதுவாக ஒப்பந்தத்தில் இருக்கும். சம்பளம் கிடையாது என்பதும் இருக்கும். தெரிந்து போனவர் பிறகு கூலி எங்கே என்று கேட்பது சரியில்லை.

ஆட்டோகேட் 1982-ல் வந்தது. அதன் ஆரம்பப் பதிப்புகளில் வரைந்தவன் நான். அப்போது பீட்டா என்று யாரும் எங்களை அழைக்கவில்லை. வந்த பிழையோடு வாழ்ந்தோம். 1999 ஜனவரி 1-ஆம் தேதி நாடே நில அளவையின் அடிப்படையை கேப் டேட்டத்திலிருந்து ஹார்ட்டபீஸ்ட்ஹூக்94-க்கு மாற்றியதே, நினைவிருக்கிறதா? எல்லாப் புள்ளியும் நகர்ந்தது. எங்களுக்கு மென்பொருள் விற்றவர் இரண்டு நாள் எங்கள் அலுவலகத்திலேயே உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தார். மத்தியானம் எங்களோடு பீன்ஸ் கறி சாப்பிட்டார்.

வடிகால்_டர்பன்

ஐயா, நான் உண்மை வேலைக்கு அதைப் பயன்படுத்தவில்லை. கையெழுத்தான வரைபடம் எல்லாம் பழைய பதிப்பில்தான் போனது. பீட்டாவில் ஓட்டியது நகல். நாளைக்குத் தப்பு நடந்தால் இன்ஜினியரிங் கவுன்சிலில் பதிவு பெற்றவர் பெயர்தான் வரும், மென்பொருளின் பெயர் வராது. அது எனக்குத் தெரியும்.

கூலியும் நான் கேட்கவில்லை. திறந்து பார்க்கச் சொல்கிறேன். நீங்களே சொல்கிறீர்கள், அப்போது ஒரு ஆள் வந்து இரண்டு நாள் உட்கார்ந்தார் என்று. அந்த இரண்டு நாள் வேலையை இப்போது நான் என் வீட்டில், என் கரண்டில் செய்கிறேன். முன்பு அவர்கள் ஆள் வைத்துச் செய்தது இது. அதற்கு மேல் வருடா வருடம் லைசென்ஸுக்குப் பணமும் கட்டுகிறோம்.

சாட்ஸ்வர்த்_தம்பி

என் கதை சின்னது. பீட்டாவில் சேமித்த ஃபைல் பழைய பதிப்பில் திறக்கவில்லை, ஒரு வார வேலை போயிற்று. அவ்வளவுதான். ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும்.

பீட்டாவை வேலை செய்யும் கணினியில் போடவே போடாதீர்கள். பழைய மடிக்கணினி ஒன்றில் போடுங்கள், இல்லையென்றால் விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் தனியாக ஓடும் இன்னொரு கணினி). ஃபைலை நகலெடுத்து, பெயரிலேயே தேதியும் பீட்டா என்ற சொல்லும் சேர்த்து வையுங்கள். புதிய வடிவத்தில் சேமித்ததைப் பழையது படிக்காது, இது பல மென்பொருளிலும் உள்ளதுதான். அப்புறம் மிட்ராண்ட் அக்கா, கமாவுக்கு முழு மொழி அமைப்பையும் மாற்ற வேண்டாம். விண்டோஸில் ரீஜன் அமைப்புக்குள் கூடுதல் அமைப்புகள் என்று இருக்கும், அங்கே தசமக் குறியை மட்டும் புள்ளியாக்கலாம். ஆனால் எக்ஸெலும் கூடவே மாறும், பார்த்துச் செய்யுங்கள். ரிப்போர்ட் எழுதும்போது முதல் வரியில் எந்த பில்ட் (பதிப்பு எண்), இரண்டாவது வரியில் என்ன செய்தீர்கள், மூன்றாவதில் என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும். கோபத்தை அதில் எழுதாதீர்கள், அதைக் காரணம் காட்டியே மூடுவார்கள். செலவழித்த மணியைக் குறித்து வையுங்கள். நான் ஒரு நோட்டில் எழுதுகிறேன், நான்கு மாதத்தில் 61 மணி நேரம் ஆகியிருந்தது. லைசென்ஸ் புதுப்பிக்கும்போது அந்த நோட்டை விற்பனையாளர் முன்னால் வைத்துத் தள்ளுபடி கேளுங்கள். எனக்குக் கொடுக்கவில்லை. ஆனால் அடுத்த முறையும் கேட்பேன்.

மிட்ராண்ட்_ஸ்டீல்

தம்பி, அந்த அமைப்பு எனக்குத் தெரியும். எக்ஸெல் மாறும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், என் பிரச்சினையே அதுதான். நான் வழி கேட்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் விற்கிற பொருளை தென்னாப்பிரிக்கா அமைப்பில் ஒரு தடவையாவது ஓட்டிப் பார்க்க மாட்டார்களா என்பதுதான் என் கேள்வி.

இசிப்பிங்கோ_மாணவி

நான் இன்னும் படிக்கிறேன். மாணவர்களுக்கென்று ஒரு பீட்டா வந்தது, சான்றிதழ் தருவோம் என்றார்கள். 40-க்கும் மேல் பக் (மென்பொருள் பிழை) கண்டுபிடித்து எழுதினேன். சான்றிதழ் வரவில்லை. வேலை நேர்காணலில் இதைச் சொல்லலாம் என்று பார்த்தால் ரகசிய ஒப்பந்தம் தடுக்கிறது. எந்த மென்பொருள் என்றுகூடச் சொல்ல முடியாமல் அங்கே உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்தவர் "அப்படியானால் அனுபவம் இல்லை என்று எழுதிக்கொள்கிறேன்" என்றார்.

டோங்காட்_நிரலாளர்

மாணவி சொன்னது மனசைப் பிசைகிறது. நான் மென்பொருள் எழுதுகிற பக்கம் இருப்பவன், வேறு துறை. எங்கள் துறையில் டொனால்ட் குனூத் என்ற கணினி அறிஞரை எல்லாருக்கும் தெரியும். அவருடைய புத்தகத்தில் ஒரு தப்பைக் கண்டுபிடித்துச் சொன்னால் 2008 வரை 2.56 டாலருக்குச் செக் அனுப்பி வந்தார். வாங்கியவர்களில் பலர் அதை வங்கியில் போடாமல் சுவரில் மாட்டி வைத்தார்கள். காசு சின்னது. ஆனால் ஒரு மனிதர் நாம் எழுதியதைப் படித்தார், சரி என்று ஒப்புக்கொண்டார் என்பதற்கு அது ருசு.

வடிகால் அண்ணா, ஒரு சந்தேகம். உங்கள் பக்கை நான் ஜோஹன்னஸ்பர்க் வேலை பார்க்கும் நண்பரிடம் சொன்னேன். அவர் லோ29-ல் அதே பீட்டாவை ஓட்டியிருக்கிறார், ஒன்றும் ஆகவில்லையாம். அவருடைய தளம் முழுக்க ரேகைக்கு ஒரே பக்கம். அவர்களும் அப்படி ஏதாவது ஒரு ஃபைலை வைத்துப் பார்த்துவிட்டு "வரவில்லை" என்று மூடியிருப்பார்களோ?

வடிகால்_டர்பன்

அப்படித்தான் இருக்கும் தம்பி. என் ரிப்போர்ட்டின் முதல் வரியே அதுதான்: "ரேகையின் இரண்டு பக்கமும் புள்ளி இருந்தால் மட்டும் வரும்." அதனால்தான் நான்கும் ஐந்துமாகப் பிரித்து ஃபைல் செய்து கொடுத்தேன்.

பதிப்பு வெளிவந்துவிட்டது. நேற்று சாயங்காலம் அதே ஒன்பது மேன்ஹோலை ஏற்றினேன். நான்கும் மடிந்துதான் வந்தன. இப்போது காசு கட்டிய வாடிக்கையாளராகப் புதிய ரிப்போர்ட் எழுதியிருக்கிறேன்.

பழைய_வரைவாளர்_பிஎம்பி

அந்த ஃபைலை எனக்கும் அனுப்புங்கள். எங்கள் அலுவலகத்திலும் அதே லைசென்ஸ் இருக்கிறது. என் பெயரில் நானும் எழுதுகிறேன்.