என் லேப்டாப்பில் சரியாக ஓடும் கேம் வண்டி மச்சான் சிஸ்டத்தில் பறக்கிறது, அவசரம்

சோமனூர்_தறி | வெள்ளி, இரவு 11:40
வணக்கமுங்க. பொழுதுபோக்காக ஒரு ரேக்ளா (மாட்டுவண்டிப் பந்தயம்) கேம் செய்துகொண்டிருக்கிறேன். ராத்திரி தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்து மூன்று மாதமாகச் செய்தது. 300 மீட்டர் ஓட்டம், ஒரே வண்டி, கடிகாரத்தோடுதான் போட்டி. என்னிடம் அருமையாக ஓடுகிறது. இன்றைக்கு மச்சான் வீட்டில் போட்டுக் காட்டினால் வண்டி ஜிவ்வென்று போகிறது, மாட்டுக்குக் கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் விசேஷம், பசங்களுக்குக் காட்டுகிறேன் என்று வாய் விட்டுவிட்டேன். என்ன செய்யட்டும்? சீக்கிரம் சொல்லுங்க.

ஈரோடு_மஞ்சள் | 11:52
எந்த எஞ்சினுங்க, அதாவது எந்த மென்பொருளில் கேம் செய்கிறீர்கள்? அதைச் சொல்லாமல் எப்படிச் சொல்வது?

கரூர்_கொசுவலை | 11:55
லேப்டாப் சார்ஜரில் இருந்ததா, பேட்டரியிலா? பேட்டரியில் ஓடினால் ப்ராசசர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மச்சான் சிஸ்டம் நேரடி கரண்டில் ஓடுகிறது, அதனால் வேகம். என் அனுபவத்தில் பத்தில் எட்டுப் பிரச்சினை பவர் செட்டிங்தான்.

பவானி_பெங்குவின் | சனி, 12:10
விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போடுங்கள்.

ஈரோடு_மஞ்சள் | 12:11
நீங்கள் மிக்சி ஓடவில்லை என்று கேட்டாலும் இதையேதான் சொல்வீர்கள்.

பழைய_நிரலாளர் | 12:30
வாரம் ஒரு முறை இதே கேள்வி. எஞ்சின் சொல்வதில்லை, பதிப்பு சொல்வதில்லை, எழுதிய கோடிங்கைக் காட்டுவதில்லை. நாங்கள் என்ன ஜோசியம் பார்க்கவா உட்கார்ந்திருக்கிறோம்? நாங்கள் படித்த காலத்தில் முதலில் சி, பிறகு சி பிளஸ் பிளஸ், அதற்கப்புறம்தான் ஒரு சதுரத்தைத் திரையில் நகர்த்துவோம். இப்போது யூடியூபில் இரண்டு வீடியோ பார்த்ததும் கேம் செய்ய வந்துவிடுகிறார்கள்.

சோமனூர்_தறி | காலை 6:15
மன்னிச்சுக்கங்க, கோடோ எஞ்சின். 4 ஆரம்பிக்கும் பதிப்பு. கோடிங் கம்ப்யூட்டரில் இருக்கிறது, நான் தறிக் குடோனில் போனில் இருக்கிறேன். வாயால் சொல்கிறேன்: ப்ராசஸ் ஃபங்ஷனுக்குள், பட்டனை அழுத்தியிருந்தால் வண்டியின் எக்ஸ் பொசிஷனோடு (கிடைமட்டத்தில் அது நிற்கும் இடம்) 8 கூட்டு. அவ்வளவுதான். நேரம் காட்டும் டைமர் சரியாகத்தான் ஓடுகிறது. சார்ஜர் போட்டும் பார்த்தேன், வித்தியாசம் இல்லை.

நொய்யல்_கரை | 6:40
வண்டி எங்கும் உரசாமல் ஓடினால் 300 மீட்டர் முடிய உங்கள் லேப்டாப்பில் எத்தனை நொடி? மச்சானிடம் எத்தனை? வேறு எதிலாவது போட்டுப் பார்த்தீர்களா? டைமர் காட்டுவதை அப்படியே சொல்லுங்கள்.

சோமனூர்_தறி | 7:05
என்னிடம் 20. மச்சானிடம் 8.3. அக்கா பையனின் பழைய காலேஜ் லேப்டாப்பில் ஒரு தடவை போட்டபோது 40 கிட்ட வந்தது. அது ரொம்பப் பழசு என்று விட்டுவிட்டேன்.

நொய்யல்_கரை | 7:20
மச்சான் சமீபத்தில் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், அதாவது நொடிக்கு 144 தடவை படம் வரைவது, வாங்கினாரா?

20-ஐ 8.3-ஆல் வகுத்தால் 2.4. உங்கள் திரை நொடிக்கு 60 தடவை படம் வரைகிறது என்று வைத்துக்கொண்டால், 60-ஐ 2.4-ஆல் பெருக்கினால் 144. அக்கா பையனின் லேப்டாப் திணறித் திணறி 30 தடவைதான் வரைகிறது, அதனால்தான் 40 நொடி.

நீங்கள் தறிக்காரர், உங்களுக்கு இது சுலபம். நாடா ஒவ்வொரு முறை பாயும்போதும் துணி ஒரு நூல் அளவு நகர்கிறது. ஒரு தறி நிமிடத்துக்கு 120 அடிக்கிறது, பக்கத்துத் தறி 200 அடிக்கிறது. ஒரு மணி நேரம் கழித்து இரண்டிலும் ஒரே மீட்டர் துணி இருக்குமா? உங்கள் வண்டி தறி மாதிரி ஓடுகிறது, ஒவ்வொரு அடிக்கும், அதாவது திரை வரையும் ஒவ்வொரு தடவையும், 8 பிக்சல். அது நேரத்துக்கு ஓட வேண்டும்.

ப்ராசஸ் ஃபங்ஷனுக்குள் டெல்டா என்று ஒன்று வரும். போன தடவை வரைந்ததற்கும் இந்தத் தடவைக்கும் நடுவில் கழிந்த நேரம், நொடிக் கணக்கில். 60 ஹெர்ட்ஸில் 0.0167, 144-இல் 0.0069. 8-ஐ எடுத்துவிட்டு 480 போட்டு டெல்டாவால் பெருக்குங்கள். 480 எப்படி வந்தது என்றால், உங்கள் லேப்டாப்பில் இப்போதே 8 பெருக்கல் 60.

சோமனூர்_தறி | 7:31
ஆமாங்கண்ணா! மானிட்டர் மூலையில் 144 என்று ஸ்டிக்கரே ஒட்டியிருந்தது. பார்க்காமலே எப்படிங்கண்ணா?

நொய்யல்_கரை | 7:33
அண்ணா இல்லை, அக்கா.

கரூர்_கொசுவலை | 8:02
இவ்வளவு எதற்கு? ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் மேக்ஸ் எஃப்பிஎஸ் (நொடிக்கு அதிகபட்சம் எத்தனை தடவை வரையலாம்) 60 என்று போட்டால் வேலை முடிந்தது. ஒரு வரி கோடு மாற்ற வேண்டாம்.

நொய்யல்_கரை | 8:10
மச்சானிடம் அடங்கிவிடும். அக்கா பையனிடம் அதே 40 நொடிதான் வரும். வேகமான மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போடலாம், நோஞ்சான் மாட்டுக்குப் போட்டு என்ன பயன்?

செட்டிநாட்டுச்_சாரதி | 8:45
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஒரே வண்டி, கடிகாரத்தோடு போட்டி, இதற்குப் பெயர் ரேக்ளாவா? எங்கள் பக்கம் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து, பத்துப் பதினைந்து ஜோடி ஒன்றாகக் கிளம்பும். போய்வர எட்டு மைல்கூட ஓடும். ஒன்றை ஒன்று முந்தும்போது தூசியில் முகம் தெரியாது. அதைச் செய்தால் அது கேம்.

ஈரோடு_மஞ்சள் | 8:58
கொங்குப் பக்கம் இப்படித்தானுங்க. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் வந்து பாருங்கள். 200 மீட்டர், 300 மீட்டர் என இரண்டு பிரிவு, நேரம் குறித்து முடிவு சொல்வார்கள். அரை நொடிக்குள் தங்கக் காசு கைமாறும். எட்டு மைல் ஓடுவது வேறு ஆட்டம், இது வேறு.

செட்டிநாட்டுச்_சாரதி | 9:06
300 மீட்டர் ஓடி முடிப்பதற்குள் எங்கள் மாடு கொட்டாவிகூட விட்டிருக்காது.

உடுமலை_கட்டுத்தரை | 9:15
கொட்டாவி விடுகிற மாட்டை நாங்கள் ஓட்டுவதில்லை. அப்புறம் சோமனூர்த் தம்பி, நீங்கள் போன மாதம் போட்ட படத்தில் மாடு இரண்டும் செவலையாக இருந்ததே, அது என்ன மாடு? காங்கேயம் கன்று பிறக்கும்போதுதான் செவலை. ஆறு மாதத்தில் நிறம் மாறி மயிலையாகிவிடும், சாம்பல் நிறம். பூச்சிக்காளைக்கு (பொலிகாளை) திமிலும் கழுத்தும் கறுத்திருக்கும். படம் வரைவதற்கு முன்னால் ஒரு நாள் கட்டுத்தரைப் பக்கம் போய் நின்று பார்க்க வேண்டாமா?

ஈரோடு_மஞ்சள் | 9:20
பெரிய மாட்டிலும் செவலை உண்டுங்க. காரி, மயிலை, செவலை என்று நிறம் சொல்லித்தானே சந்தையில் பேசுகிறார்கள்.

உடுமலை_கட்டுத்தரை | 9:24
உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வண்டியில் ஜோடி இரண்டுமே தக்காளி நிறத்தில் இருக்காது.

பழைய_நிரலாளர் | 10:00
மாட்டுச் சந்தை முடிந்ததா? பொசிஷனை நேரடியாகக் கூட்டுவதே தவறு. வேகமாகப் போனால் வண்டி ஓரத்துக் கயிற்றைத் துளைத்துக்கொண்டு போகும், மோதல் கணக்கே வராது. மோதலைக் கவனிக்கும் கேரக்டர் பாடி 2டி வைத்து, பிசிக்ஸ் ப்ராசஸில் வெலாசிட்டி (வேகம்) கொடுத்து, மூவ் அண்ட் ஸ்லைடு என்ற நகர்த்தும் ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும். ஆவணத்தில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. படிக்க யாருக்கும் பொறுமை இல்லை.

சோமனூர்_தறி | மதியம் 1:50
சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு வந்து மாற்றினேன். வீடியோவில் கைனமேட்டிக் பாடி என்று சொல்கிறார்கள், என்னிடம் அந்தப் பெயரே இல்லை. ஐயா சொன்ன கேரக்டர் பாடி இருந்தது, அதை வைத்தேன். அக்கா சொன்ன மாதிரி 480-ஐ டெல்டாவால் பெருக்கினேன். இப்போது வண்டி நகரவே மாட்டேன் என்கிறது. உற்றுப் பார்த்தால் ஊர்கிறது. முன்பு பறந்தது, இப்போது செக்கு மாடு. ஞாயிறு நாளைக்குங்க.

நொய்யல்_கரை | 2:05
இரண்டு பேர் சொன்னதையும் சேர்த்துச் செய்துவிட்டீர்கள், தவறு எங்கள் மேல்தான். மூவ் அண்ட் ஸ்லைடு தனக்குள்ளேயே டெல்டாவால் பெருக்கிக்கொள்ளும். நீங்களும் ஒரு தடவை பெருக்கினால் நொடிக்கு 480 பிக்சல் என்பது நொடிக்கு 8 பிக்சல் ஆகிவிடும். உங்கள் 300 மீட்டர் 9,600 பிக்சல்தானே? (20 நொடி பெருக்கல் 480.) அதை முடிக்க 1,200 நொடி, அதாவது 20 நிமிடம்.

வெலாசிட்டியில் வெறும் 480 போடுங்கள், டெல்டாவை எடுத்துவிடுங்கள். எல்லாம் பிசிக்ஸ் ப்ராசஸுக்குள் இருக்கட்டும். அது எந்த மானிட்டராக இருந்தாலும் நொடிக்கு 60 தடவைதான் ஓடும். 30 தடவை வரையும் பழைய லேப்டாப்பில் ஒரு வரைவுக்கு இரண்டு தடவை கணக்குப் போட்டுச் சமாளித்துக்கொள்ளும். கைனமேட்டிக் பாடி என்பது கோடோ 3-இன் பெயர், 4-இல் மாற்றிவிட்டார்கள். வீடியோ பார்க்கும்போது முதலில் எந்தப் பதிப்பு என்று பாருங்கள், பாதித் தலைவலி அதில்தான்.

மச்சானின் 144-இல் வண்டி லேசாகத் தட்டித் தட்டி ஓடுவது போலத் தெரியலாம். உங்களுடையது 4.3 அல்லது அதற்கு மேல் என்றால் செட்டிங்ஸில் பிசிக்ஸ் இன்டர்போலேஷனை ஆன் செய்யுங்கள், இரண்டு கணக்குக்கு நடுவிலுள்ள இடத்தை அது நிரப்பிக் காட்டும்.

பழைய_நிரலாளர் | 2:20
நான் டெல்டாவால் பெருக்கச் சொல்லவே இல்லை. பதிவுக்காகச் சொல்கிறேன்.

ஈரோடு_மஞ்சள் | 2:22
பெருக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லையே ஐயா.

கோபி_காலேஜ் | 3:40
இந்த இழையைப் பார்த்ததும் எனக்கும் ஆசை வந்துவிட்டது. கோடிங் கொஞ்சம்தான் தெரியும். எங்கே தொடங்குவது? யூனிட்டியா, கோடோவா?

பவானி_பெங்குவின் | 3:44
கோடோ. இலவசம், யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய எம்ஐடி உரிமம், 2014-இலேயே மூலநிரலைத் திறந்துவிட்டார்கள். லினக்ஸிலும் ஓடும்.

கரூர்_கொசுவலை | 3:50
யூனிட்டிதான். வேலை வேண்டுமென்றால் அதைத்தான் கேட்கிறார்கள்.

பவானி_பெங்குவின் | 3:53
2023 செப்டம்பரில் ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் கட்டணம் என்று அறிவித்தார்களே, மறந்துவிட்டதா?

கரூர்_கொசுவலை | 3:55
2024 செப்டம்பரில் அதை ரத்தும் செய்தார்களே, அதை மறந்துவிட்டீர்களா?

நொய்யல்_கரை | 4:30
கோபித் தம்பி, இந்தச் சண்டை விடியும்வரை நடக்கும். வேலைக்கா, பொழுதுபோக்குக்கா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். பொழுதுபோக்கு என்றால் நான் கோடோ சொல்வேன். இன்ஸ்டால் செய்யவே தேவையில்லை, ஜிப்பை விரித்து இரண்டு தட்டு தட்டினால் திறக்கும். பழைய லேப்டாப் என்றால் புது ப்ராஜெக்ட் தொடங்கும்போது கேட்கும் மூன்றில் கம்பாடிபிலிட்டியைத் தேர்ந்தெடுங்கள், மற்ற இரண்டுக்கும் வல்கன் போன்ற புதிய கிராபிக்ஸ் வசதி வேண்டும். படம் வரையத் தெரியாதென்றால் கென்னி தளத்தில் சிசி0 உரிமத்தில் ஏராளமாகக் கிடக்கிறது, யாரையும் கேட்காமல் எடுக்கலாம். சத்தத்துக்குப் போனும், ஒலியை வெட்டி ஒட்டும் ஆடாசிட்டியும் போதும். எங்கள் வீட்டு மாட்டுச் சலங்கையைப் போனில் பதிந்து, நடுவில் நாய் குரைத்த அரை நொடியை மட்டும் வெட்டி எடுத்தேன், பிரமாதமாக வந்தது.

முதல் கேம் ரொம்பச் சின்னதாக இருக்கட்டும். சோமனூர்க்காரர் தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, ஒரே வண்டி, நேர்க்கோடு, கடிகாரம் என்று எடுத்தது புத்திசாலித்தனம். செட்டிநாட்டுக்காரர் சொல்வதுபோல் பதினைந்து ஜோடி ஓட வேண்டுமென்றால் மற்ற பதினான்கு ஜோடிக்கும் மூளை எழுத வேண்டும். மூன்று மாதத்தில் அது முடியாது, மூன்று வருடத்தில் சலித்துப் போய் விட்டுவிடுவார். முடித்த பிறகு இட்ச் தளத்தில் சும்மாவே ஏற்றலாம். பிளே ஸ்டோர் என்றால் 25 டாலர் ஒரு முறை கட்ட வேண்டும். புதிதாகத் தனிநபர் கணக்குத் தொடங்கினால் 12 பேர் 14 நாள் விடாமல் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீமில் கேம் ஒன்றுக்கு 100 டாலர்.

கோபி_காலேஜ் | 4:41
12 பேருக்கு எங்கே போவது அக்கா?

ஈரோடு_மஞ்சள் | 4:43
பங்காளி, மாமன் மச்சான் எல்லாம் பிறகு எதற்கு? கல்யாண பத்திரிகையோடு லிங்க்கையும் கொடுத்துவிட வேண்டியதுதான்.

செட்டிநாட்டுச்_சாரதி | 5:10
பதினைந்து வேண்டாம், இரண்டு ஜோடியாவது விடுங்கள் என்கிறேன். தனியாக ஓடுவது போட்டி அல்ல, பயிற்சி.

உடுமலை_கட்டுத்தரை | 5:18
பத்தில் ஒரு நொடி வித்தியாசத்தில் தோற்றுப் பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள்.

பழைய_நிரலாளர் | இரவு 9:00
கேள்வி கேட்டவர், சரியானதா இல்லையா என்று சொல்லவே இல்லை. இப்படித்தான், வேலை முடிந்ததும் ஆளைக் காணோம். பின்னால் வந்து தேடுகிறவனுக்கு என்ன பயன்?

சோமனூர்_தறி | ஞாயிறு, இரவு 10:25
ஓடுதுங்க. மூன்று சிஸ்டத்திலும் 20. விசேஷ வேலையில் எழுத முடியவில்லை. மாட்டையும் மயிலை ஆக்கிவிட்டேன். ரொம்ப நன்றிங்க அக்கா, எல்லோருக்கும்.

பசங்க இன்னொரு வண்டி வேண்டும் என்கிறார்கள்.

செட்டிநாட்டுச்_சாரதி | 10:27
நான் அப்பவே சொன்னேன்.